யந்திரத்தின் அருகே நின்ற பெண்கள்

(ஆலைத் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில், விவசாயத் தொழிலாளர் தோழர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போனஸ் பற்றியும் கூலி உயர்வு பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கு அடுத்த ஞாயிறு இருக்கிறது. இன்று வேறொரு விஷயம் பேச அனுமதி கேட்கிறேன். இதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நமது ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர், பெயர் வேண்டாம், இருபது நாட்களுக்கு முன் சங்க ஆபீசுக்கு வந்தார். அவருடைய மகள் இன்ஜினியரிங் படித்து முடித்திருக்கிறாள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலைக்காக ஒரு கம்பெனியில் பரீட்சை எழுதித் தேறியும் விட்டாள். நேரில் கூப்பிட்டுப் பார்த்த கம்பெனிக்காரர்கள், "புரோகிராம் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். உனக்கு நல்ல முகவெட்டு இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்களை வரவேற்கும் மேஜையில் உட்கார்" என்று சொல்லிவிட்டார்களாம். சம்பளமும் குறைவு. தோழர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க தோழர், ஏ.சி. ரூமு, உட்கார்ந்த வேலை. சேரச் சொல்லட்டுங்களா?"

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தாராளமாகச் சேரட்டும் தோழர். அழகான பிள்ளை, அதற்கேற்ற வேலை" என்றேன். அவரும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்தாள். பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. "மாமா, எங்கப்பாவுக்கு ரிங் பிரேம் வேலை அத்துபடி. அவரைக் கூப்பிட்டு, உனக்கு மீசை நன்றாக இருக்கிறது, மெஷினை விட்டுவிட்டு கேட்டில் நின்று சலாம் போடு என்று மானேஜர் சொன்னால் சங்கம் என்ன செய்யும்?" என்று கேட்டாள். "அன்றைக்கே கேட் மீட்டிங் போட்டிருப்போம்" என்றேன். "எனக்கு மட்டும் ஏன் வாழ்த்துச் சொன்னீர்கள்?" என்றாள்.

தோழர்களே, இருபது வருஷமாக மேடையில் பேசுகிறவன் நான். அன்று எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவள் ஆபீசுக்கு வந்து, இந்தக் கம்ப்யூட்டர் தொழிலில் பெண்களின் கதை என்ன என்று எனக்குச் சொன்னாள். நான் பத்தாவதோடு நின்றவன். இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டைத்தான் இப்போது கையில் வைத்திருக்கிறேன்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. இரண்டாவது உலக யுத்த காலம். பிலடெல்பியா நகரத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அங்கே எண்பது பேர் வரை பெண்கள் உட்கார்ந்து ராணுவத்துக்குக் கணக்குப் போட்டார்கள். பீரங்கியை இந்தக் கோணத்தில் வைத்தால், காற்று இப்படி அடித்தால், குண்டு எங்கே போய் விழும் என்ற கணக்கு. அந்த நாளில் "கம்ப்யூட்டர்" என்றால் யந்திரத்தின் பெயரல்ல, கணக்குப் போடும் ஆளின் பெயர். ஒரு குண்டின் பாதையைக் கண்டுபிடிக்க ஒரு பெண்ணுக்கு 30, 40 மணி நேரம் பிடித்தது. பலரும் கல்லூரியில் கணிதம் படித்தவர்கள். ஆனால் சர்க்கார் உத்தியோகப் பட்டியலில் அவர்களை எங்கே வைத்தார்கள் தெரியுமா? நிபுணருக்குக் கீழ்ப்பட்ட தரம் என்று ஒன்று உண்டு. அதிலே. 1942-ல் சேர்ந்த பெண்களுக்கு வருஷத்துக்கு 1,620 டாலர் சம்பளம்.

இந்தக் கணக்கை வேகமாகப் போட அங்கே ஒரு யந்திரம் செய்தார்கள். எனியாக் என்று பெயர். 30 டன் எடை. நமது புளோ ரூம் அளவுக்கு ஒரு கூடம் நிறைய நின்றது. உள்ளே சுமார் 18,000 வால்வுகள், பழைய ரேடியோவில் இருக்குமே, அது மாதிரி. யந்திரத்தைக் கட்டியவர்கள் மாக்லி, எக்கர்ட் என்ற இருவர். அவர்கள் பெரிய மூளைக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் யந்திரம் கட்டிவிட்டால் போதுமா? ஜக்கார்டு தறியை வாங்கி வைத்துவிட்டால் பார்டரில் மயில் தானாக விழுந்துவிடுமா? எந்த நூல் எப்போது எழ வேண்டும் என்று அட்டையில் துளை போட்டுத் தர ஒரு ஆள் வேண்டுமல்லவா? எனியாக்குக்கு அந்த வேலையைச் செய்ய 1945-ல் ஆறு பெண்களைப் பொறுக்கி எடுத்தார்கள்.

அவர்களுடைய பெயர்களைப் படிக்கிறேன். நாக்குக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் படிக்க வேண்டும். கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன்.

மெக்நல்டி ஓர் அயர்லாந்துக் கொத்தனாரின் மகள். மூன்று வயதில் அமெரிக்காவுக்கு வந்தபோது அந்தக் குழந்தைக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஜென்னிங்ஸ் மிசௌரி மாகாணத்தில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், ஏழு குழந்தைகளில் ஆறாவது. ஸ்னைடர் கல்லூரியில் கணித வகுப்புக்குப் போன முதல் நாளே, வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கலாமே என்று வாத்தியார் சொன்னாராம். அவர் கணிதத்தை விட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டார். அந்த ஸ்னைடர்தான் பின்னால் இந்த யந்திரத்தை ஆட்டிப் படைத்தவர்.

வேலையை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்றால் இல்லை. புத்தகம் கிடையாது. ரகசிய யந்திரம் என்பதால் ஆரம்பத்தில் கூடத்துக்குள்ளே போகவே அனுமதி இல்லை. மின்கம்பி வரைபடங்களைக் கையில் கொடுத்து, படித்துத் தெரிந்துகொள் என்றார்கள். படித்தார்கள். எந்தக் கம்பியை எங்கே சொருகுவது, எந்த ஸ்விட்சை எந்த எண்ணில் வைப்பது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். நமது பழைய ஃபிட்டர்கள் சத்தத்தை வைத்தே எந்தக் கதிர் சரியில்லை என்று சொல்வார்கள் அல்லவா? அதேபோல 18,000 வால்வுகளில் எது கெட்டது என்று கிட்டத்தட்டக் குறிபார்த்துச் சொல்லும் அளவுக்கு அந்தப் பெண்கள் தேர்ந்துவிட்டார்கள்.

1946 பிப்ரவரி 15. யந்திரத்தைப் பிரமுகர்களுக்குக் காட்டும் நாள். காட்ட வேண்டிய கணக்கைத் தயார் செய்தவர்கள் ஜென்னிங்சும் ஸ்னைடரும். முந்திய இரவு வரை ஒரு கோளாறு தீரவில்லை. குண்டு பறக்கிறது, இறங்குகிறது, தரையைத் தொடுகிறது, ஆனால் கணக்கு நிற்கவில்லை! பூமியைத் துளைத்துக்கொண்டு குண்டு போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்னைடர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். காலையில் வந்தார், ஒரே ஒரு ஸ்விட்சை மாற்றி வைத்தார். குண்டு தரையில் நின்றது. அன்றைய காட்சியில், நிஜக் குண்டு 30 வினாடி பறக்கும் பாதையை யந்திரம் 20 வினாடியில் கணக்கிட்டுக் காட்டியது. குண்டு விழுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது. வந்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

பீரங்கிக் கணக்கை நான் புகழ்கிறேனா என்று இளைஞர்கள் முன்வரிசையில் முகம் சுளிக்கிறீர்கள். ஹிட்லருக்கு எதிரான யுத்தத்தில் தொடங்கிய வேலை அது. பிறகு அதை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம். இன்று வேலை செய்த கைகளைப் பற்றித்தான் பேச்சு.

அன்றிரவு பெரிய விருந்து. கட்டியவர்களுக்கு அழைப்பு, ராணுவ அதிகாரிகளுக்கு அழைப்பு. ராப்பகலாகக் கணக்கைத் தயார் செய்த பெண்களுக்கு அழைப்பு இல்லை. கடுங்குளிரில் வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் போட்டோ மட்டும் எடுத்தார்கள்! யந்திரத்தின் அருகே பெண்கள் நிற்கும் போட்டோ. ஆண்களின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. பெண்களின் முகம் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்துக்கு வேண்டி வந்தபோது அந்த முகத்தையும் கத்தரித்துவிட்டு, உடுப்புப் போட்ட ஆணை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நாற்பது வருஷம் ஓடிற்று. 1980-களின் நடுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காத்தி கிளைமன் என்ற பெண் இந்தப் போட்டோக்களைப் பார்த்தார். இவர்கள் யார் என்று விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? அவர்கள் மாடல் பெண்கள், யந்திரம் எடுப்பாகத் தெரிவதற்காக நிறுத்திவைக்கப்பட்டவர்கள் என்று பதில். பிரிட்ஜ் விளம்பரத்தில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாளே, அந்த மாதிரியாம். நமக்கும் இது புதிதா? பம்ப் செட் கம்பெனிக் காலண்டரைப் பாருங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டி ஒரு பெண் நிற்பாள். அந்தப் பெண்ணுக்கு மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்திருக்குமோ என்று நம்மில் யாராவது ஒருநாள் நினைத்தோமா? படித்தவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். முகம் லட்சணமாக இருக்கிறது, ஆகவே அலங்காரத்துக்கு நிற்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கிளைமன் அந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களைத் தேடிப் போனார், பேசினார், பதிவு செய்தார். 1997-ல்தான் ஆறு பேருக்கும் தொழில்நுட்பத் துறைப் பெண்களின் அமைப்பு ஒன்று மரியாதை செய்தது. 1946-லிருந்து 1997 வரை 51 வருஷம். கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இந்த எண் இன்னொரு தடவை வரும்.

இந்தப் பார்வைக்கு ஒரு விலை இருக்கிறது. புரோகிராம் எழுதுவது குமாஸ்தா வேலை என்று நினைத்த வரைக்கும் பெண்களிடம் விட்டுவைத்தார்கள். அதிலே மூளையும் பணமும் இருக்கிறது என்று தெரிந்ததும், அது ஆண்களுக்கேற்ற தொழில் ஆகிவிட்டது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படிப்பில் பட்டம் வாங்கியவர்களில் 1984-ல் 100-க்கு 37 பேர் பெண்கள். 2010 வாக்கில் 18 ஆகிவிட்டது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அது பையன்களின் விளையாட்டுச் சாமான் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஒரு அம்மாள் செய்த வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஸ்டெபனி ஷெர்லி என்று பெயர். 1939-ல் ஐந்து வயதில் ஹிட்லருக்குத் தப்பி அகதியாக வந்த குழந்தை. 1962-ல் ஆறு பவுன் பணத்தில் புரோகிராம் எழுதும் கம்பெனி தொடங்கினார். குழந்தை பெற்றதால் வேலையை விட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே பேர். ஆனால் வேலை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார்: ஸ்டெபனி என்று கையெழுத்துப் போடாதே, ஸ்டீவ் என்று போடு. ஸ்டீவ் என்றால் ஆண் பெயர். அவ்வளவுதான், பதில்கள் வரத் தொடங்கின! கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு இந்த அம்மாளின் பெண்கள்தான் புரோகிராம் எழுதினார்கள். 2025-ல் காலமானார். கடிதத்தில் பெயரை மறைக்கலாம். நேரில் போகிறவள் முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பாள்?

இனி இன்னொரு போட்டோவின் கதை. தாய்மார்கள் சங்கடப்பட வேண்டாம், மறைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் செல்போனில் பேரனின் படம் வருகிறது. அந்தப் படத்தை அப்படியே அனுப்பினால் பாரம் தாங்காது. பஞ்சைப் பிரஸ்ஸில் போட்டு அமுக்கி பேல் கட்டுவதைப் போல, படத்தையும் அமுக்கித்தான் அனுப்புகிறார்கள். அமுக்கிப் பிரித்தபின் முகம் கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்க, எல்லா ஊர் இன்ஜினியர்களும் ஒரே படத்தை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஊருக்கெல்லாம் ஒரே எடைக்கல் இருப்பது போல. நியாயமான ஏற்பாடுதான்.

எடைக்கல்லாக எந்தப் படத்தை எடுத்தார்கள்? 1973-ல் அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு படம் அவசரமாகத் தேவைப்பட்டது. யாரோ கையில் பிளேபாய் என்ற நிர்வாணப் படப் பத்திரிகையோடு வந்தார். 1972 நவம்பர் இதழ். அதன் நடுப்பக்கத்தில் லேனா என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்ணின் முழுப்படம். மேல் மூன்றிலொரு பங்கை மட்டும் யந்திரத்தில் ஏற்றினார்கள். தொப்பி, முகம், திறந்த தோள். அந்தப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதன் பிறகு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளில், பாடப் புத்தகங்களில் அதே படம்.

அந்தப் பெண்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடல் தொழில் அவருடைய பிழைப்பு. என் கேள்வி இன்ஜினியர்களிடம். வகுப்பில் முப்பது பையன்கள், மூன்று பெண்கள். வாத்தியார் பலகையில் இந்தப் படத்தைப் போடுகிறார். மிச்சப் படம் எங்கே இருக்கிறது என்று பையன்களுக்குத் தெரியும். சிரிப்பார்கள். அந்த மூன்று பெண்கள் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்? 2015-ல் ஒரு பள்ளி மாணவி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் இதைத்தான் எழுதினாள், தன் வகுப்பிலேயே நடந்தது என்று.

"அந்தப் படத்தில் வெளிச்சமும் நிழலும், இறகின் நுணுக்கமும் இருக்கின்றன, சோதனைக்குத் தோதானது" என்று சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். ஒரு கூடை கத்திரிக்காய்ப் படத்தில் வெளிச்சமும் நிழலும் கிடையாதா? டியானா நீடெல், ரேச்சல் வார்ட் என்ற இரண்டு கணிதப் பேராசிரியைகள் இதற்கு நல்ல பதில் கொடுத்தார்கள். 2013-ல் வந்த தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஃபேபியோ என்ற ஆண் மாடலின் படத்தை, நீண்ட தலைமுடியும் அகன்ற மார்புமாக இருக்கிறவர், அவரிடம் அனுமதி கேட்டு வாங்கிப் போட்டார்கள்! கணக்கு சரியாகத்தான் வந்தது.

2019-ல் வந்த ஒரு ஆவணப் படத்தில் லேனாவே பேசினார். மாடல் தொழிலிலிருந்து நான் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டேன், இந்தத் தொழிலிலிருந்தும் ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டது என்ற கருத்தில் சொன்னார். கடைசியில் ஐ.ட்ரிபிள்.ஈ. கம்ப்யூட்டர் சொசைட்டி என்ற பெரிய சங்கம், 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படமுள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. 1973-லிருந்து 2024. இதற்கும் 51 வருஷம்!

இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வேலை தெரிந்த பெண்கள், அவர்களை அலங்காரப் பொம்மை என்றார்கள். இன்னொன்றில் படம் காட்டிப் பிழைத்த ஒரு பெண், அவரைத் தொழிலின் எடைக்கல் ஆக்கினார்கள். இரண்டு இடத்திலும் பார்க்கிற கண் ஒன்றுதான்.

"அப்படியானால் பெண் அழகாக உடுத்தக் கூடாதா?" என்று போன வாரம் டீக்கடையில் ஒரு தோழர் என்னைக் கேட்டார். யார் சொன்னது? பூ வைத்துக்கொண்டு லேத்தில் நின்றால் லேத் ஓடாதா? 2015-ல் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு கம்பெனி, தன்னிடம் வேலை செய்கிறவர்களின் படத்தைப் போட்டு, ஆள் தேவை என்று ரயில் நிலையங்களில் போஸ்டர் ஒட்டியது. அதில் ஒரு இளம் பெண் இன்ஜினியர். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? இவ்வளவு அழகான பெண் இன்ஜினியராக இருக்க முடியாது, யாரோ மாடலைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். அவள் நிஜமாகவே புரோகிராம் எழுதுகிறவள்! 1980-களின் பேச்சு 2015-லும் மாறவில்லை. அப்புறம் பல ஊர்ப் பெண் இன்ஜினியர்கள், இதோ இன்ஜினியரின் முகம் என்று தங்கள் போட்டோவை வெளியிட்டார்கள். லட்சணமாக இருந்தால் வேலை தெரியாது என்பார்கள். லட்சணம் குறைந்தால் ஏறெடுத்தே பார்க்க மாட்டார்கள். கறுத்த பிள்ளைக்கு நேர்முகத்துக்குப் போகும்போது பவுடர் பூசி அனுப்புகிற தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, எதற்குப் பயந்து பூசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஷிப்ட் விடும்போது கேட்டில் நின்று, கோன் வைண்டிங் பெண்களில் யார் என்ன நிறம், யாருக்கு என்ன நடை என்று பேசுகிறவர்கள் நம் சங்கத்து உறுப்பினர்கள்தான். ஒரு நாளில் அவள் எத்தனை கோன் இறக்குகிறாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடவு வயலில் வரப்பின்மேல் நின்று பாட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். குனிந்த முதுகுக்கும் நின்ற முதுகுக்கும் ஏன் இரண்டு கூலி என்று பேச்சு எடுத்தால் மட்டும் மௌனம்.

அந்தப் பெண்ணின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வரவேற்பு மேஜை வேண்டாம், பரீட்சையில் தேறிய வேலையைக் கொடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இன்றுவரை பதில் இல்லை. அவளுடைய அப்பா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கிடைத்ததும் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு. ராத்திரி தூக்கமில்லை என்கிறார். அந்தக் கவலை பொய்யல்ல, நான் லேசாகப் பேச மாட்டேன். தாராளமாகச் சேரட்டும் என்று அன்று நான் சொன்னதை மட்டும் இந்தக் கூட்டத்தில் வாபஸ் வாங்குகிறேன்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தலைக்கு மேலே இந்தச் சுவரில் நம் சங்கத்துப் பழைய வேலைநிறுத்தப் போட்டோ மாட்டியிருந்தது, இன்று கழற்றி மேஜையில் வைத்திருக்கிறேன். பின்னால் நிற்கும் நாலு ஆண்களின் பெயரும் கீழே அச்சில் இருக்கிறது. முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் ரீலிங் பகுதிப் பெண்கள் பதினோரு பேர். அவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறது? "மற்றும் பெண் தொழிலாளர்கள்" என்று இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தப் படத்துக்குக் கீழேதான் நின்று பேசினேன், எனக்குக் கண்ணில் படவில்லை. இடமிருந்து இரண்டாவது என் பெரியம்மா. அந்த ஒரு பெயர்தான் எனக்குத் தெரியும், நோட்டில் எழுதிவிட்டேன். ரீலிங்கில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மாக்கள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள். டீ வந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன் மேஜைக்கு வந்து, மற்ற பத்துப் பேர் யார் யார் என்று சொல்லுங்கள். கண்ணாடி எடுத்து வராதவர்களுக்கு அந்தப் பெண் பக்கத்தில் இருந்து காட்டுவாள்.